பெறப்பட்டது

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான் நலம். என் முதுகுவலி என்னைவிட நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது, மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டாளா என்று எழுது.

ஐந்தாவது ஊரிலும் வேலை முடிந்தது. ஆற்றோரத்தில், மற்ற நான்குக்கும் கீழே கிடக்கும் ஊர். எல்லோரும் அதைக் கடைசி ஊர் என்றே அழைக்கிறார்கள், அங்கே வசிப்பவர்கள் உட்பட. கூட்டுறவுக் கடையின் மாடியில் ஓர் அறை கிடைத்தது. கீழே ஒரு தையல்காரம்மா மெஷின் போட்டிருக்கிறார். பள்ளியிறுதி படித்தவர். இரண்டே வாரத்தில் தட்டச்சு கைக்கு வந்துவிட்டது. அவரையே மின்னஞ்சல் நிலையப் பொறுப்பாளர் ஆக்கிவிட்டேன்.

பழைய கணினி ஒன்று, அதைத் தொலைபேசிக் கம்பியில் பேசவைக்கும் மோடம் ஒன்று, கூரையில் சூரியத் தகடு, லாரியில் கழற்றிய பாட்டரி. கணினியும் மோடமும் நாள் முழுதும் விழித்திருக்கும். திரைதான் பாட்டரியைக் குடிக்கிறது; ஆகவே மாலை ஆறு மணிக்கு மட்டுமே அதைப் போட வேண்டும் என்பது விதி. அதே ஆறு மணிக்கு இந்தச் சிறுநகரத்திலிருந்து என் மையக் கணினி ஐந்து ஊர்களையும் வரிசையாக அழைக்கும். அவர்கள் எழுதியதை வாங்கும், அவர்களுக்கு வந்ததைக் கொடுக்கும், வைத்துவிடும். ஊருக்கு ஒரு நாளைக்கு ஓர் அழைப்பு. மலிவாக நடத்த வேறு வழி இல்லை.

ஆறு மணிக்கு ஊரே மாடிக்கு வந்துவிடுகிறது. தையல்காரம்மா கடிதங்களை உரக்கப் படிக்கிறார். வெளியூரில் வேலை செய்யும் கணவன் மனைவிக்கு எழுதிய சில வரிகள் வரும்போது, "இங்க கொஞ்சம் மழையில நனைஞ்சு எழுத்து அழிஞ்சிருக்கு" என்று தாண்டிப் போகிறார். மின்னஞ்சல் எப்படி நனையும் என்று ஒருவரும் கேட்பதில்லை. உரியவள் மட்டும் எல்லோரும் இறங்கிய பிறகு மறுபடி படியேறி வருகிறாள்.

தையல்காரம்மாவின் கணவர் ஓடக்காரர். முதல் நாள் வாசலிலேயே நின்றுகொண்டார். "கடுதாசி கரன்ட்டுல வருதாமே, தொட்டா ஷாக் அடிக்காதா சார்?" என்றார். உங்கள் வீட்டம்மா தொடுகிறாரே என்றேன். "அவ என்னையே சமாளிக்கிறவ. கரன்ட்டு எம்மாத்திரம்?"

இப்போது வேண்டுகோள். ஐந்து தொலைபேசி இணைப்புகளின் வாடகையை உங்கள் நீர்த்தேக்க நிர்வாகம் ஏற்குமா? ஊருக்கு ஒரு பேசும் கருவியும், அழைப்பது மனிதரா இயந்திரமா என்று பிரித்தறியும் சிறு பெட்டியும் மதிப்பீட்டில் சேர்த்திருக்கிறேன். அவை இல்லாவிட்டால் யார் அழைத்தாலும் மோடம்தான் எடுக்கும். அழைத்தவர் காதில் ஊளைதான் கேட்கும்.

இதையே மின்னஞ்சலில் எழுதியிருக்கலாமே என்பாய். அந்தக் கம்பி ஊர்க்காரர்களுடையது. நம் வீட்டு முழங்கால் வலியை அதில் ஏற்ற மாட்டேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம்.

எல்லோரும் சுகம். அம்மா மாடி ஏறுவதை நிறுத்தவில்லை; ஏறி இறங்கிவிட்டு "நான் எங்கடா ஏறினேன்?" என்கிறாள்.

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் வாசித்தே காட்டிவிட்டேன். நனைந்த மின்னஞ்சலுக்கு மேலதிகாரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் கையெழுத்தை வாங்கிவிட்டேன். ஐந்து இணைப்புகளுக்கும் வாடகை கிடைக்கும். உங்கள் தம்பியும் சில சமயம் உருப்படியாக ஏதாவது செய்வான் என்று இப்போதாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

ஒரே நிபந்தனை. எங்கள் கட்டுப்பாட்டறையிலிருந்தும் ஐந்து ஊர்களையும் நேரடியாக அழைத்து எங்கள் அறிவிப்புகளைப் போடும் வசதி வேண்டும். போட்டதும் அங்குள்ள இயந்திரம் "பெறப்பட்டது" என்று ஒரு வரி திருப்பி அனுப்ப வேண்டும். எங்களுக்குக் கோப்பில் வைக்க ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான்.

பேசும் கருவியும் சிறு பெட்டியும் அடிபட்டுப்போயின. "கடிதம் எழுதத்தானே கேட்டார், பேச்சும் வேணுமாமா?" என்றார் மேலதிகாரி. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: "வேளாவேளைக்குச் சாப்பிடு. ஊருக்கெல்லாம் கடுதாசி கொண்டுபோறவன் எனக்கு ரெண்டு வரி தனியா எழுதக்கூடாதா?"

தங்கள் அன்புத் தம்பி


மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். உருப்படியாகச் செய்தாய் என்று எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறேன். சட்டம் போட்டு மாட்டிக்கொள். அம்மாவுக்குத் தனித்தாள் வைத்திருக்கிறேன். பிரிக்காமல் கொடு.

நிபந்தனையை ஏற்கிறேன். "பெறப்பட்டது" வரியும் எழுதிவிட்டேன். ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள். அந்த வரியை எழுதுவது இயந்திரம். கடிதம் அதன் வட்டில் விழுந்தது என்பதற்குமேல் அதற்குப் பொருள் இல்லை. பகலில் நீ எதைப் போட்டாலும் ஆறு மணிவரை ஒரு கண்ணும் அதைக் காணாது. அவசரமான எதையும் இதில் அனுப்பாதே. அவசரம் என்றால் ஜீப்பில் ஆளை அனுப்பு.

விதியை நான் எவ்வளவு கண்டிப்பாக வைத்திருக்கிறேன் என்பதற்கு ஒரு சம்பவம். சென்ற வாரம் மோடம் நண்பகலில் சத்தம் போட்டதாம். எவனோ தப்பான எண்ணைச் சுழற்றியிருக்கிறான். தையல்காரம்மா ஓடிப்போய்த் திரையைப் போட்டுப் பார்த்துவிட்டு அணைக்க மறந்துவிட்டார். பாட்டரி படுத்துவிட்டது, இரண்டு நாள் ஊருக்குக் கடிதம் இல்லை. நான் போய்க் கடிந்துகொண்டேன். "இனிமே அது தலைகீழா நின்னு கத்தினாலும் ஆறு மணிக்கு முன்னாடி தொட மாட்டேன் சார்" என்றார். ஓடக்காரர், "என்னையும் இப்படி ஒரு நேரம் வச்சுத் திட்டினா நல்லா இருக்கும்" என்றார்.

மழை தொடங்கும் முன் கூரைத் தகடுகளை இறுக்கிக் கட்ட வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மே 17

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம்.

சுகம், சுகம் அறிய ஆவல் என்று முழுதாக எழுதக்கூட நேரமில்லை. எனக்குப் பதவி உயர்வு. இனி கட்டுப்பாட்டறையில் பகல்நேரப் பொறுப்பு என்னுடையது. அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள், மாடிவீடு உட்பட. முழங்கால் இப்போது சும்மா இருக்காதாம்.

ஐந்து ஊர்களுக்கும் சோதனை அறிவிப்பு போட்டுப் பார்த்தோம். ஐந்து "பெறப்பட்டது" வந்தன. மேலதிகாரி தாள்களைக் கையில் விசிறிபோல் விரித்துப் பிடித்துக்கொண்டு அறைமுழுக்க நடந்தார்.

நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. ஆறு மணிக்கு முன் உங்கள் ஊரை எழுப்ப மாட்டேன்.

தங்கள் அன்புத் தம்பி


ஆகஸ்ட் 29

தம்பிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்.

பத்து நாள் கடைசி ஊரில் இருந்துவிட்டு நேற்றுத் திரும்பினேன். இறந்தவர் எண்ணிக்கை செய்தித்தாளில் வந்திருக்கும், இங்கே எழுதவில்லை. நீங்கள் மதகுகளைத் திறந்தீர்கள், ஐந்து மணி வாக்கில் ஆறு ஊருக்குள் வந்தது. அங்கே அன்று மழை இல்லை. வெயில். பிள்ளைகள் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஓடக்காரர் அக்கரையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு பாதி ஆற்றில் இருந்தார்.

கூட்டுறவுக் கடை கல்கட்டடம், நின்றது. கீழே தைத்துக்கொண்டிருந்த தையல்காரம்மா, தண்ணீர் காலில் பட்டதும் மாடிக்கு ஓடினார். படிக்கட்டின் பாதியில் தண்ணீர் நின்றுவிட்டது. அறையில் ஒரு பொருளும் நனையவில்லை. ஆறு மணி ஆயிற்று. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் தினமும் செய்வதையே செய்தார், திரையைப் போட்டார். என் மையக் கணினி அப்போதுதான் அழைத்துவிட்டு வைத்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது உங்கள் அறிவிப்பு. அது மூன்று மணி வாக்கிலேயே வந்து உட்கார்ந்திருந்தது. நீர் திறக்கப்படுகிறது, தாழ்வான பகுதியில் உள்ளோர் உடனே வெளியேறவும்.

அதை அவர் உரக்கப் படித்தார். எதிரே ஒருவரும் இல்லை.

"படிச்சு முடிச்சதும் நிறுத்தத் தெரியல சார். அடுத்தவங்க கடிதத்தையும் படிச்சேன். அழிஞ்ச எழுத்துன்னு தாண்டுவேன்ல, அதையெல்லாம்கூடச் சேர்த்துப் படிச்சேன்" என்றார். சொல்லும்போது அழவில்லை. அதன் பிறகு எனக்கு ஒரு வரி தட்டினார்: தண்ணீர் வந்துவிட்டது, ஆள் அனுப்புங்கள். அன்றைய அழைப்பு முடிந்துவிட்டதால் அந்த வரி மறுநாள் மாலைவரை வரிசையில் காத்திருந்தது. செய்தியை வேறு வழியில் கேள்விப்பட்டு நான் அதற்குள் அங்கே போயிருந்தேன். பூட்டிய என் அறையில் அது வந்து இறங்கியிருக்கிறது.

மிஞ்சியவர்கள் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள். கடைசி ஊரில் இப்போது ஓர் உயிரும் இல்லை. நேற்று ஆறு மணிக்கு மையக் கணினி வழக்கம்போல் ஐந்தாவது எண்ணை அழைத்தது. எடுத்தது. கடிதங்களை வாங்கிக்கொண்டது. வைத்தது. நான் நாற்காலியைவிட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றேன்.

அன்று பகல் கட்டுப்பாட்டறையில் யார் இருந்தது?

அண்ணன்


செப்டம்பர் 16

மதிப்பிற்குரிய அண்ணாவுக்கு வணக்கம்.

தாங்கள் நலமாக இருப்பதறிந்து நிம்மதி. நேர்ந்த துயரத்திற்கு அலுவலகத்தின் சார்பிலும் என் சார்பிலும் ஆழ்ந்த வருத்தம். மலைமேல் பெய்த மழை யாரும் எதிர்பாராதது. மதகைத் திறக்காவிட்டால் அணையே போயிருக்கும். ஜீப் மேலதிகாரியோடு வெளியே போயிருந்தது. ஆற்றோர அபாயச் சங்கு இரண்டு ஆண்டாகப் பழுது. இருந்த ஒரே வழியில் அறிவிப்பு அனுப்பப்பட்டது.

விசாரணைக் குழு அமைத்திருக்கிறார்கள். "பெறப்பட்டது" தாள் கோப்பில் இருக்கிறது. அந்த ஏற்பாட்டைச் செய்தவர் என்ற முறையில் தங்களிடம் ஒரு வரி வாக்குமூலம் கேட்பார்கள்: அறிவிப்பு அன்று பிற்பகல் அந்த ஊர் நிலையத்தில் பெறப்பட்டது. அவ்வளவே. அது பொய்யில்லையே, அண்ணா. தாங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள் என்று தெரிந்துதானே கேட்கிறேன்.

பொறுப்பாளர் அறிவிப்பைப் பார்க்கத் தவறியது தனியாக ஆராயப்படும். அந்த அம்மாள்மீது வழக்கு வரலாம் என்கிறார்கள். வந்தாலும் பெண் என்பதால் கடுமையாக இராது. தாங்கள் அந்த வரியை எழுதாவிட்டால் கேள்வி முழுதும் கட்டுப்பாட்டறையின் பக்கம் திரும்பும். எனக்குப் பதினோரு வருட வேலை இன்னும் இருக்கிறது.

அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. தங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

தம்பி


செப்டம்பர் 27

தம்பிக்கு,

அம்மாவின் முழங்காலுக்கு நல்ல மருத்துவரைப் பார். செலவை நான் ஏற்கிறேன்.

நான் கேட்ட ஒரே கேள்விக்கு உன் கடிதத்தில் பதில் இல்லை. இரண்டு முறை படித்துப் பார்த்தேன். "அனுப்பப்பட்டது" என்று எழுதியிருக்கிறாய். அனுப்பியவர் யாரும் அந்த வாக்கியத்தில் இல்லை.

இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது. நேற்று மேட்டுப் பள்ளிக்கூடத்தில் தையல்காரம்மாவைப் பார்த்தேன். ஒரு வகுப்பறையின் மூலையில் கரும்பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். நான் கேட்காமலே பேசினார்.

"அன்னைக்கு அது ரெண்டு தடவை கத்துச்சு சார். மேல போகட்டுமான்னு ஊசியை நிறுத்திட்டேன். அப்புறம், சார் திட்டுவாரு, பாட்டரி போயிடும்னு மறுபடி மிதிச்சேன்."

"ரெண்டு தடவையா?"

"ரெண்டு. ரெண்டாவது தெரியும், தினம் கேக்குறதுதான். கத்தும், அந்தப் பக்கத்துல இருந்து ஒண்ணு பதிலுக்குக் கத்தும், அப்புறம் கரகரன்னு ஆகி அடங்கிடும். முதல்ல வந்தது அப்படி இல்ல. பதிலே வரல. இது மட்டும் விட்டு விட்டுக் கத்திக்கிட்டே கெடந்துச்சு. தானா ஓஞ்சுபோற வரைக்கும்."

அவருக்கு அதன் பொருள் தெரியாது. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். இயந்திரம் அழைத்தால் இயந்திரம் பதில் சொல்லும். முதல் முறை அழைத்தது ஒரு மனிதன். தப்பான எண் என்றால் ஊளை கேட்டதும் வைத்துவிடுவான். இவன் வைக்கவில்லை. மோடம் தானாகக் கைவிடும் வரை காதில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். ஊளை ஓய்ந்ததும், அங்கே மனிதர் யாரும் எடுக்கவில்லை என்று நன்றாகத் தெரிந்த பிறகும், மின்னஞ்சலைப் போட்டு, "பெறப்பட்டது" வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறான்.

உங்கள் அறையில் அன்று அந்தத் தொலைபேசியைக் காதில் வைத்திருந்தது யார்?

வாக்குமூலம் பற்றிப் பிறகு பேசலாம். இங்கே வேறொரு தொல்லை. வெளியூர்க் கணவன்மார் இன்னும் கடைசி ஊருக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் வாரந்தோறும் மனைவிக்கு எழுதுகிறான்: கோபமா, ஏன் பதிலே இல்லை. செய்தி எட்டாத தொலைவில் இருக்கிறான். அவன் கடிதத்தையும் அந்த இயந்திரம் வாங்கிக்கொள்கிறது. திருப்பி அனுப்பினாலாவது சந்தேகப்படுவான். அது திருப்பி அனுப்புவதில்லை. நான் அதை நிறுத்த வேண்டும். ஆறு மணி ஆனதும் கை எழவில்லை.

அண்ணன்


அக்டோபர் 24

மதிப்பிற்குரிய அண்ணாவுக்கு வணக்கம்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். மருத்துவர் முழங்காலுக்கு வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார், சற்றுத் தேவலை. வீட்டுக் கூரையில் ஒழுக்கு இருந்தது, சரிசெய்தாயிற்று. தெருவிளக்கு மூன்று வாரமாக எரியவில்லை, மனுக் கொடுத்திருக்கிறேன். தங்கள் பழைய சைக்கிளை விற்றுவிடலாமா என்று அம்மா கேட்கிறாள். மணி மட்டும் இன்னும் நன்றாக அடிக்கிறது.

நவம்பர் இரண்டாவது வாரம் விசாரணை. தங்கும் இடம் தேட வேண்டாம், வீட்டுக்கே வாருங்கள். தங்கள் அறை அப்படியே இருக்கிறது.

அந்த ஒரு வரியைத் தயாராக வைத்திருங்கள். வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

தம்பி


அக்டோபர் 30

பெரியவனுக்கு அம்மா எழுதுறது.

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா. என் கையெழுத்துக் கோணலா இருக்கும், கண்ணாடி சரியில்லை. தம்பிக்குத் தெரியாம எழுதறேன், மாடிவீட்டுப் பொண்ணுகிட்ட குடுத்துத் தபால்ல போடச் சொல்லியிருக்கேன். படியேறித்தான் குடுத்தேன், திட்டாதே.

உங்களுக்குள்ள என்னடா சண்டை? உன் கடுதாசி வந்தா அவன் மேசைமேல வச்சுட்டு ரெண்டு நாள் பிரிக்காமலே பார்த்துக்கிட்டிருக்கான். முன்னெல்லாம் வாசல்லயே கிழிச்சு எனக்குப் படிச்சுக் காட்டுவான்ல.

அவனுக்கு என்னமோ ஆயிடுச்சு. மழை தூறினாப் போதும், எங்க இருந்தாலும் வந்து போன்கிட்ட நிக்கிறான். எண்ணைச் சுத்துறான், காதுல வச்சுக்கிறான், ஒரு வார்த்தை பேசறதில்லை. யாருடா அந்தப் பக்கம்னு கேட்டா ஆபீஸ்ங்கறான். ஒருநாள் நான் பிடுங்கி என் காதுல வச்சுப் பார்த்தேன். மனுசக் குரலே இல்லடா. என்னமோ ஊளை விடுற மாதிரி, குழந்தை மூச்சுப் பிடிச்சு அழற மாதிரி. அது நிக்கிற வரைக்கும் நின்னுட்டு மெதுவா வச்சிட்டு, சட்டை மாட்டிக்கிட்டு வேலைக்குப் போயிட்டான்.

நீ படிச்சவன். அது என்னன்னு உனக்குத் தெரியும். அவனை ஒண்ணும் கேக்காதே. நீ சொன்னாக் கேப்பான், எதையாவது நல்லதா சொல்லி அவனைத் தூங்க வை. உன்னை விட்டா அவனுக்கு யாரு.

அம்மா


நவம்பர் 19

தம்பிக்கு,

நலமாக ஊர் வந்து சேர்ந்தேன். வீட்டில் தங்காததற்கு அம்மாவிடம் நான் சொன்ன காரணம் பொய். நீ எதுவும் திருத்த வேண்டாம்.

உங்கள் அலுவலகத்து விசாரணை அறையில் நீயும் இருந்தாய். ஆனாலும் பாதியில் எழுந்து போய்விட்டாய். ஆகவே மிச்சத்தை எழுதுவது என் கடமை.

தலைவர் என்னை ஒரு வரி வாக்குமூலம் கேட்டார். வரி எழுதுவதற்குமுன் உங்கள் மேசைத் தொலைபேசியைப் பயன்படுத்த அனுமதி கேட்டேன். ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்திக் கடைசி ஊரின் எண்ணைச் சுழற்றினேன். ஒரு மணிதான் அடித்தது, எடுத்துவிட்டது. அதன் பிறகு அந்த ஊளை அறையை நிரப்பியது. குழுவினர் முகத்தைச் சுளித்தார்கள். போதும் என்று ஒருவர் கையமர்த்தினார். நான் வைக்கவில்லை. நீ சுவரோர நாற்காலியில் இருந்தாய். உன் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அது எப்போது ஓயும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. ஓய்வதற்குச் சற்று முன்பாகவே எழுந்துவிட்டாய். கதவு சாத்தும் ஓசைக்குப் பிறகுதான் அது நின்றது.

பின்வரிசையில் இருந்த தையல்காரம்மா எழுந்து, "இதேதாங்க. முதல் தடவை வந்தது இதேதான்" என்றார். அப்படியானால் முதலில் அழைத்தது யார் என்று தலைவர் கேட்டார். உன் மேலதிகாரி கோப்பைப் புரட்டினார். உன் நாற்காலியை நான் பார்க்கவில்லை.

அடுத்து உங்கள் கணினியிலிருந்து அதே ஊருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன்: இதைப் படிப்பவர் யாரேனும் அங்கிருந்தால் தெரிவிக்கவும். தாள் வெளியே வந்தது. கிழித்துத் தலைவரிடம் கொடுத்தேன். "பெறப்பட்டது."

"அங்க யாருமே இல்லன்னு சொன்னீங்களே?" என்றார்.

"இல்லை. மூன்று மாதமாக இல்லை. என் வாக்குமூலம் அந்தத் தாள்தான்" என்றேன்.

தையல்காரம்மாவை அதற்குமேல் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். அதை நான் யாரிடமும் காட்டவில்லை; காட்டவும் மாட்டேன். தன் கையால் எழுதிய கடிதம் பிள்ளைக்கு எதிராக ஒரு மேசைமேல் கிடக்கும் நிலையை அவளுக்கு நான் ஏற்படுத்த மாட்டேன். இதை உனக்குக் காட்டும் சலுகையாக எடுத்துக்கொள்ளாதே.

நான் வைத்த விதியை நான் சுமக்கிறேன். ஆறு மணிக்கு முன் தொடாதே என்று அந்த அம்மாளிடம் சொன்ன வாய் இது. ஆனால் அந்த விதி உனக்குத் தெரிந்திருந்தது. வேடிக்கையாக அதையே எனக்குத் திருப்பி எழுதினாய்.

பதில் எழுது.

அண்ணன்


பிப்ரவரி 2

தம்பிக்கு,

பதில் இல்லை. நலமாக இருப்பாய் என்று கொள்கிறேன். அம்மாவின் முழங்காலைப் பற்றி மாடிவீட்டுப் பெண் எழுதினாள்.

அறிக்கை வந்தது. யார்மீதும் தனிப்பட்ட குற்றம் காண இயலவில்லை, இயற்கையின் சீற்றம் என்று முடித்திருக்கிறார்கள். உனக்குத் தலைமை அலுவலகத்திற்கு மாற்றல் என்று கேள்விப்பட்டேன். தையல்காரம்மாமேல் வழக்கு இல்லை. நான் வேண்டியது அது ஒன்றுதான்; கிடைத்தது. மற்றதைச் செய்யும் அதிகாரம் எனக்கு இல்லை.

வெளியூர்க்காரர்கள் ஒவ்வொருவருக்கும் கையால் கடிதம் எழுதி அஞ்சலில் சேர்த்தேன். வாரந்தோறும் எழுதுகிறவனுக்கு எழுதத்தான் அதிக நாள் பிடித்தது. அதன் பிறகு ஐந்தாவது எண்ணை என் மையக் கணினி அழைப்பதில்லை.

தையல்காரம்மா கடைசி ஊருக்குத் திரும்பிவிட்டார். அதே மாடி அறையில் தையல் மெஷினைப் போட்டிருக்கிறார். ஆற்றைப் பார்த்த சன்னலை மட்டும் திறப்பதில்லை. சென்ற வாரம் நான் போயிருந்தபோது, "சார், நீங்க நிறுத்திட்டதாச் சொன்னீங்களே. அது இன்னும் கத்துதே" என்றார்.

"எப்போது?"

"நேரம் கெடையாது. மேற்கால, அணைப் பக்கம் மானம் கருத்தா கத்தும். பதில் வராது, அந்த முதல் தடவை மாதிரியே. தானா ஓயும். நான் எடுக்கலாம்னா எடுக்கப் பேசுற கருவியும் இல்ல." சற்று நேரம் நூலைக் கோத்துக்கொண்டிருந்தார். "யாரோ என்னமோ சொல்ல வந்துட்டுப் போறாங்க சார்."

அவருக்கு நான் விளக்கவில்லை. மோடத்தைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். உங்கள் மதிப்பீட்டில் அடிபட்டுப்போன பேசும் கருவி ஒன்றை என் செலவில் வாங்கி அதே கம்பியில் மாட்டியிருக்கிறேன். தையல் மெஷினுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. எந்த நேரத்தில் அடித்தாலும் எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்; இப்போது விதி எதுவும் இல்லை.

உங்கள் ஊரில் மறுபடி மேகம் கூடும். மழை தூறும், நீ அந்த எண்ணைச் சுழற்றுவாய். இனி ஊளை வராது. மணி அடிக்கும். மெஷின் நிற்கும் சத்தம் உனக்குக் கேட்காது. ஓடக்காரரின் மனைவி எடுத்து, "யாருங்க? சொல்லுங்க" என்பார்.

சொல்.

அண்ணன்